பதினோரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன பிசான அறுப்புச் சமயம், சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஓர் ஆச்சி வக்கீலான என்னைப் பார்க்கப் பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு வந்திருந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு பாலித்தீன் உறை, அதற்குள் நாலாக மடித்த புரோநோட்டு. சொந்தக்காரருக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம் ரூபாய். ஸ்டாம்பு, கையெழுத்து, சாட்சி எல்லாம் சரியாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். புரோநோட்டை வைத்து வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. அது முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"பதினோரு நாளுதான ஐயா, ஜட்ஜையாட்ட சொன்னா விடமாட்டாவளா?"

அவரிடம் எப்படிச் சொல்ல? 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, கெடு தாண்டிய வழக்கை, எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் 5-ஆவது பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான். புதிதாகப் போடும் வழக்குக்கு அது கிடையாது. கடைசி நாளில் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கிற அன்றைக்குப் போடலாம், அவ்வளவுதான்.

"இடையில வட்டி ஏதும் தந்தாரா ஆச்சி?" என்று கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னால் பத்தாயிரம் தந்தாராம். எழுதி வாங்கவில்லை. "சொந்தக்காரன்ட்ட எப்படிக் கேக்க?" என்றார்.

எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்த நோட்டின் பின்பக்கம், 'இன்று வட்டிக்காக 10,000 ரூபாய் கொடுத்தேன்' என்று தேதி போட்டு அந்தச் சொந்தக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைத்திருக்கும். கடன் கொடுத்தவர் தன் கையால் வரவு எழுதிக்கொண்டால் செல்லாது. கடன்பட்டவர் கையெழுத்து வேண்டும், அதுவும் கெடு முடிவதற்குள். சொந்தத்தில் கேட்கச் சங்கடம்தான். ஆனாலும் கேளுங்கள்.

உங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டால் கெடு இன்னும் குறுகல். சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட் அனுமதிக்கலாம். நம் ஊரில், "வாய்தாதான, போயிக்கிடலாம்" என்று சம்மனைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்துவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது நாம் போகாததால் ஒருதலையாகத் தீர்ப்பு ஆகிவிட்டது என்று தகவல் வரும். அதை ரத்து செய்ய மனுப் போட 30 நாள். சம்மன் முறையாக உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு.

தீர்ப்பு எதிராக வந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் 30 நாள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு 90 நாள். தீர்ப்பு நகலுக்கு உடனே மனுப் போடுங்கள். நகல் தயாராக ஆகும் நாட்கள் கணக்கில் சேராது. ஆனால் நகல் கேட்காமல் வீட்டில் இருந்த நாட்கள் சேரும்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று நாளைக் கடத்த வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். போகும்போது காகிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். தபாலில் வந்த கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் வந்தது என்று காட்ட, அதன் மேல் இருக்கிற முத்திரை உதவும்.