ரெண்டு பார்ட்டும் ஒரே நீலம்! ஒண்ணை மாட்டலாம், இன்னொண்ணை சும்மா குடுத்தாலும் தொடாதீங்க | ரீமேன் டீசல் பார்ட்ஸ்

மக்களே வணக்கம். என் வலது கையில இருக்கறது டர்போவோட, அதான் புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் தள்ளற சாமானோட, எக்ஸாஸ்ட் பக்கத்து ஹவுசிங், இடது கையில ஒரு கனெக்டிங் ராடு, பிஸ்டனை கிராங்கோட சேக்கற தண்டு, ரெண்டுமே லாரி டீசல் இன்ஜின்ல இருந்து வந்தது. தம்பி, கேமராவை இன்னும் கிட்ட கொண்டா. ஆங், இப்ப தெரியுதுங்களா அந்த நீலம், மயில் கழுத்து மாதிரி, ஓரத்துல ஊதா, அதுக்கும் வெளிய வைக்கோல் கலரு. ரெண்டுலயும் ஒரே நீலம்தான். இதுல ஒண்ணை நான் கண்ணை மூடிட்டு வண்டில மாட்டுவேன், இன்னொண்ணை நேரா பழைய இரும்புக்குத்தான் போடுவேன். எது எதுன்னு கமெண்ட்ல போட்டுட்டு பாருங்க, ஓட்டி விட்டு பாத்துட்டு வந்து போடாதீங்க.

(திரையில்: ரெண்டு பார்ட்டும் பக்கத்துல பக்கத்துல)

இந்த வீடியோ போடறதுக்கு காரணமே நாமக்கல்ல ஒரு பட்டறையில நான் பாத்த ஒரு விஷயந்தான். ஒரு லாரி ஓனர் அண்ணன், பன்னெண்டு சக்கர வண்டி, டர்போ போயிடுச்சு, புதுசு வாங்க கட்டுபடியாகாதுன்னு ரீமேன் டர்போ சொல்லி வெச்சிருந்தாரு. பார்சல் வந்துச்சு, பிரிச்சாரு, பாத்தா ஹவுசிங் செம்மண்ணுல புரட்டி எடுத்த மாதிரி பழுப்பா இருக்கு, அங்கங்க நீலம் வேற. "ஏனுங் தம்பி, துருப் புடிச்சதை பெட்டியில போட்டு அனுப்பிச்சா வாங்கிக்குவனா நானு"ன்னு அப்பவே ஒட்டி திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு. சாயங்காலம் வேற ஒரு இடத்துல இருந்து பளபளன்னு சில்வர் பெயிண்ட் அடிச்ச டர்போ ஒண்ணு வாங்கிட்டு வந்து மேஜை மேல வெச்சாரு பாருங்க, பெருமையா. அந்தக் கதை கடைசில வருது.

ரீமேன்னா என்னன்னு வேகமா சொல்லிடறேன். பழைய பார்ட்டை முழுசா பிரிச்சு, கழுவி, விரிசல் இருக்கான்னு டெஸ்ட் பண்ணி, தேஞ்ச இடத்தை எல்லாம் மறுபடி அளவுக்கு கொண்டு வந்து, ரிங், பேரிங், சீல், கேஸ்கெட் மாதிரி தேயற சாமான் எல்லாம் புதுசு போட்டு, புது பார்ட்டுக்கு என்ன டெஸ்டோ அதையே இதுக்கும் பண்ணி வாரண்டியோட குடுக்கறது. பிரிட்டன்ல பிஎஸ் 8887 ஸ்டாண்டர்டோட ரெண்டாம் பாகம், 2009ல வந்தது, அதுல தெளிவாவே இருக்கு, வேலை செய்யறதுல புதுசுக்கு கொறையக் கூடாது, வாரண்டியும் புதுசுக்கு சமமா இருக்கணும்னு. கேட்டர்பில்லர் 1973ல இருந்தே இதைப் பண்றாங்க. நீங்க திருப்பிக் குடுக்கற பழைய பார்ட்டுக்குப் பேரு கோர், அதைக் குடுத்தாத்தான் டெபாசிட் திரும்ப வரும், சோடா பாட்டில் கணக்குதான். அவ்ளோதான் பாடம், இப்ப விஷயத்துக்கு வருவோம்.

அந்த ஸ்டாண்டர்டு என்ன கேக்குதுன்னு மறுபடி பாருங்க. வேலை செய்யறதுல சமமா இருக்கணும்னு கேக்குது, பாக்கறதுக்கு சமமா இருக்கணும்னு கேக்கவே இல்ல. நம்ம பாட்டி காலத்துல பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூச தெருவுல ஆளு வருவாருல்ல, அவரு பூசிக் குடுத்ததும் பாட்டி எங்க பாப்பாங்க? உள்ள. வெளிய நசுங்கி இருக்கா, கரி புடிச்சிருக்கா, தாத்தா பேரு வெட்டினது அழிஞ்சிருக்கா, அதையெல்லாம் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, உள்ள ஒரு இடத்துல ஈயம் படாம பித்தளை தெரிஞ்சா மட்டும் திருப்பிக் குடுத்துருவாங்க, ஏன்னா புளிக்கொழம்பு தொடற இடம் அது. டீசல் பார்ட்டும் அப்படித்தான் பாக்கணும். ஒரு குறி தெரிஞ்சா, இந்த இடத்தை எது தொடுதுன்னு முதல்ல கேளுங்க. இன்னொரு இரும்பு தொடுதா, கேஸ்கெட் உக்காருதா, ஓரிங்னு சொல்ற ரப்பர் வளையம் உக்காருதா, ஆயில் போகுதா? இல்ல வெறும் காத்து மட்டும் படுதா?

சரி இப்ப நம்ம நீலம். எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

இரும்பை சூடு பண்ணா அது மேல ஆக்சைடு படலம் ஒண்ணு வரும், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிசு. மழை பெஞ்ச ரோட்டுல டீசல் சொட்டினா வானவில் மாதிரி கலர் காட்டுமே, அதே சங்கதிதான் இங்கயும், படலம் எவ்ளோ தடிமனோ அதுக்குத் தகுந்த கலரு. 230 டிகிரி வாக்குல வைக்கோல் கலரு, அப்பறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரி பக்கம் போனா இந்த நீலம். அதாவது இந்தக் கலரு ஒரு தெர்மாமீட்டர் மாதிரி, இந்த இரும்பு எவ்ளோ சூடு பாத்துச்சுன்னு அதுலயே எழுதி வெச்சிருக்கு. கொல்லன் பட்டறையில உளி காச்சறவரு என்ன தெர்மாமீட்டரா வெச்சிருக்காரு? இந்தக் கலரைப் பாத்துத்தான் எப்ப தண்ணியில முக்கணும்னு முடிவு பண்றாரு.

இப்ப ஹவுசிங்கைப் பாருங்க. லோடு ஏத்திட்டு மலை ஏறறப்ப இதுக்குள்ள போற புகை 600, 700 டிகிரிக்குப் போகும். அந்த சூட்டுலயே வாழ்றதுக்குன்னு வார்த்த இரும்பு இது. அதுல நீலம், பழுப்பு, மேலாப்புல துரு இருக்குன்னா, தோசைக்கல்லு கருப்பா இருக்குன்னு கடையில சண்டை போடற மாதிரிதான். ஒரு பைசா பாதிப்பு இல்ல. ரீமேன் பண்றவங்க இதை ஷாட் பிளாஸ்ட் அடிச்சு, அதாவது பொடி இரும்புக் குண்டை வேகமா அடிச்சு, சுத்தம் பண்ணுவாங்க, வெறும் வார்ப்பிரும்புல காத்து பட்டா ரெண்டு மழைநாள்ல மறுபடி லேசா துரு ஏறத்தான் செய்யும்.

இப்ப இந்த ராடு. இதோட பெரிய பக்கத்து துவாரத்துக்குள்ள, கிராங்க் பேரிங் உக்கார்ற எடத்துல, இங்க பாருங்க, நீலம். இந்த இடம் இன்ஜின் ஓடறப்ப முழுக்க ஆயில்ல குளிச்சிட்டே இருக்கணும், ஆயில் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்க 300 டிகிரி எப்படி வந்துச்சு? ஆயில் நின்னு போச்சு, பேரிங் உருண்டுருச்சு, இரும்பும் இரும்பும் தேச்சு சூடாயிருச்சு, அவ்ளோதான். அந்த சூட்டுல இரும்போட பலமே மாறிப் போயிருக்கலாம், துவாரத்தோட வட்டமும் கோணியிருக்கலாம், அதனால அளவு சரியா வந்தாலும் இதை எடுக்க மாட்டாங்க, பிரிச்ச அன்னிக்கே சிவப்பு குறி போட்டு ஓரமா தள்ளிருவாங்க. இது மறுபடி இன்ஜினுக்குள்ள போய் ஓட்டத்துல ஒடைஞ்சா இன்ஜின் பிளாக்கை ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துரும், ரோட்டுல நடுராத்திரி நிக்கறது நீங்க. ஹவுசிங் மாட்டலாம், ராடு வேண்டாம். கமெண்ட்ல சரியா போட்டவங்களுக்கு ஒரு சபாஷ்.

(திரையில்: கிராங்க் ஷாஃப்ட்)

கிராங்க், பிஸ்டன் மேலயும் கீழயும் போறதை சுத்தலா மாத்தற தண்டு. ரீமேன் கிராங்க்ல வெயிட் பக்கம் பாத்தீங்கன்னா ட்ரில் போட்ட குழி கூடுதலா இருக்கும், "ஏன் இத்தனை ஓட்டை"ன்னு கேப்பாங்க, அது மறுபடி பேலன்ஸ் பண்ணதுக்கு அடையாளம், இருக்கறது நல்லது. ஜர்னலை, அதான் பேரிங் உக்கார்ற உருண்டைப் பகுதியை, 0.25 மில்லிமீட்டரோ 0.50 மில்லிமீட்டரோ கிரைண்ட் பண்ணிருப்பாங்க, அந்த அளவை மேலயே பொறிச்சிருப்பாங்க, அதுக்குத் தகுந்த பேரிங்கைத்தான் போடணும், இதை மறந்துட்டு ஸ்டாண்டர்டு பேரிங் போட்டா ஆயில் பிரஷர் நிக்காது. நைட்ரைடிங் பண்ண, அதாவது மேல்தோலைக் கெட்டியாக்கின கிராங்கா இருந்தா கிரைண்ட் பண்ணதுக்கு அப்பறம் மறுபடி நைட்ரைடிங் பண்ணாங்களான்னு கேளுங்க, ஏன்னா அந்த கெட்டியான தோலு ரொம்ப மெலிசு. ஓரத்துல செயின் போட்டு தூக்கினப்ப பட்ட அடி, ஃபோர்ஜிங் மேல கறை, இதெல்லாம் விட்டுருங்க. ஆனா ஜர்னல் மேல விரலை ஓட்டுங்க, நகம் எங்கயாச்சும் மாட்டுச்சுன்னா அங்கயே நிறுத்துங்க.

சிலிண்டரை மேல மூடற ஹெட்டுக்கு ரெண்டே வார்த்தை. அடிப்பக்கம் மெஷின் ஓடின கோடு தெரியும், போல்ட் துவாரத்துக்குள்ள புதுசா கம்பி இன்சர்ட் இருக்கும், வால்வு சீட்டு வேற கலர்ல தெரியும், மூணும் சரியான வேலைதான். ரெண்டு வால்வு சீட்டுக்கு நடுவுல முடி மாதிரி ஒரு கோடு இருந்தா அதைக் கேள்வி கேளுங்க, பிரஷர் டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க.

சிலிண்டர் எல்லாம் இருக்கற பிளாக்குக்கு வந்தா இன்னொரு கூத்து. வார்ப்புல வருஷம், மாசம் எல்லாம் பொறிச்சிருக்கும், ரீமேன் தகட்டுல இந்த வருஷம் இருக்கும், பிளாக்குல ஏழெட்டு வருஷம் முந்தின தேதி இருக்கும், உடனே "பழசைத் தலையில கட்டிட்டான்"னு ஃபோன் வரும். மக்களே, அது பழைய பிளாக்குதான், அதுல ஒளிவு மறைவே இல்லைங்க. இன்னும் சொல்லப்போனா பழைய வார்ப்புக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. வார்த்த இரும்பு ஆறறப்ப உள்ளுக்குள்ள இறுக்கம் நின்னுரும், சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஓட ஓடத்தான் அது தளரும். இது பெட்ரோல் இன்ஜின் கதை, ஆனா சொல்லாம போக மனசு வரல: 1983ல நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் ஜெயிச்சாருல்ல, அந்த பிராபம் காருக்கு பிஎம்டபிள்யூ குடுத்த நாலு சிலிண்டர் டர்போ இன்ஜினோட பிளாக்கு, ரோட்டுல ஓடின சாதாரண காருல இருந்து வந்த குடும்பம். அந்த ரேஸ் இன்ஜினுக்கு, ஏற்கனவே நல்லா ஓடி பழகின பழைய பிளாக்கைத் தேடித்தேடி எடுத்தாங்க! உலகத்துலயே வேகமான காருக்கு பழைய பிளாக்கு வேணும்னு தேடியிருக்காங்க, நம்ம வார்ப்புத் தேதியைப் பாத்து மூஞ்சி சுளிக்கறோம்.

பிளாக்குல உண்மையா பாக்க வேண்டியது லைனர், அதான் பிஸ்டன் உள்ள ஓடற குழாய், உக்கார்ற இடம். தண்ணி ஓடற பக்கம் சின்னச்சின்ன குழியா அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். லைனர் அதிர்றப்ப தண்ணியில குமிழி வந்து வெடிச்சு வெடிச்சு இரும்பையே கொத்திரும், கூலண்ட் ஊத்தாம வெறும் போர் தண்ணியை ஊத்தினா இன்னும் சீக்கிரம். இந்தக் குழி தண்ணி அறை நடுவுல லேசா இருந்தா பரவால்ல. லைனரோட ஓரிங் வந்து உக்கார்ற அந்த வளையத்துல ஒரு குழி வந்தாக்கூட ஆயில்ல தண்ணி கலக்கும், அங்க சமரசமே கிடையாது. அப்பறம் பிளாக் மாத்தினா இன்ஜின் நம்பர் மாறும், ஆர்சி புக்குல ஏத்திடுங்க, எப்சி சமயத்துல அலையாதீங்க.

லைனர் உள்பக்கம் கோடு கோடா இருக்கேன்னு ஒருத்தர் ஃபோட்டோ அனுப்பியிருந்தாரு, "புது லைனர்லயே கீறல்ண்ணா, ஏமாந்துட்டனா"ன்னு. இல்ல தம்பி. அம்மி கொத்தறதுன்னு ஒண்ணு தெரியுமா, அம்மி வழவழன்னு ஆயிட்டா மசாலா அரைபடாது, வழுக்கிட்டுப் போகும், அதான் உளி வெச்சு பொளிஞ்சு குடுப்பாங்க. லைனர்லயும் ஹோனிங் கல்லு விட்டு குறுக்குமறுக்கா கோடு போடறது ஆயில் அந்தக் கோட்டுக்குள்ள நிக்கணும்ங்கறதுக்காக. கண்ணாடி மாதிரி மின்னுற லைனரைப் பாத்தாத்தான் நீங்க பயப்படணும், அது கோடு எல்லாம் தேஞ்சு போனது, இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிச்சிரும்.

என்னோட ஆசை ஒண்ணு சொல்லிக்கறேன். பெரிய கம்பெனிங்க எந்தக் குறி இருந்தா எடுக்கலாம், எது இருந்தா கழிச்சிரணும்னு படத்தோட கையேடு வெச்சிருக்காங்க, அவங்க ஆளுங்களுக்கு. அதுல ஒரே ஒரு பக்கம், தமிழ்ல, பெட்டிக்குள்ள போட்டு அனுப்புங்க. கடன் வாங்கி வண்டி ஓட்டறவரு பெட்டியைப் பிரிச்ச உடனே பயப்படாம இருப்பாரு, அதுக்காகவாவது போடுங்க. இதைப் பாக்கற யாராச்சும் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில இருந்தா மேல சொல்லுங்க, நான் மனசாரக் கேக்கறேன்.

சரி, அந்த சில்வர் டர்போ. மேஜை மேல இருக்கு. பட்டறை மேஸ்திரி ஒண்ணும் பேசல, ரீமேன் தகடு இருக்கான்னு திருப்பிப் பாத்தாரு, இல்ல. வாரண்டி சீட்டு எங்கன்னாரு, இல்ல. வேஸ்ட் துணியில தின்னர் நனைச்சு, போல்ட் போட்டு மாட்டற விளிம்பு இருக்கே ஃபிளாஞ்சு, அதை ஒரு தொடை தொடைச்சாரு. பெயிண்ட்டு வழிஞ்சு வந்துச்சு, அடியில பழைய கிரீஸ் அப்படியே இருக்கு, போல்ட் துவாரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும் ஒரு விரிசல், புகை கசிஞ்சு கசிஞ்சு கரி அடைச்ச விரிசல். வெறும் பெயிண்ட்டுதான் பண்ணிருக்காங்க, வேற ஒரு வேலையும் பண்ணல. அந்த அண்ணன் அதை ரெண்டு நிமிஷம் பாத்துட்டே நின்னாரு. அப்பறம் கொரியர் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு, "காலையில ஒரு பார்சல் போட்டனே, கிளம்பிருச்சா"ன்னு கேட்டாரு. கிளம்பல.

அந்த பழுப்பு டர்போவைத்தான் மாட்டினாங்க. பக்கத்து பிட்டுல நின்ன இன்னொரு வண்டிக்கு அதே வாரம் பெட்டி பிரிக்காத புது டர்போ மாட்டியிருந்தாங்க. ரெண்டு வண்டியும் லோடு எறக்கிட்டு திரும்பி வந்து நின்னப்ப நான் ரெண்டுக்கும் அடியில ஃபோன் லைட்டை அடிச்சு வீடியோ எடுத்தேன், இதோ திரையில ஓடுது பாருங்க, இதுல புது ஹவுசிங் எதுன்னு உங்களால சொல்ல முடியுதா?