குணமான குருவிகள், கடுமையாகும் கிருமி

நேயர்களுக்கு வணக்கம். 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவில், வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிகளில், தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கிறவர்கள் விநோதமான ஒன்றைப் பார்த்தார்கள். தீனிக் கூண்டுக்கு வரும் ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளுக்குக் கண் சிவந்து, வீங்கி, நீர் வடிந்து, இமையே ஒட்டிப்போயிருந்தது. பார்வை போன குருவி ஆள் கிட்டே வந்தாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும். கடைசியில் பட்டினியில் சாகும், இல்லையென்றால் பூனையிடம் மாட்டும்.

காரணம், மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்ற பாக்டீரியா. நம் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இது தெரிந்த எதிரிதான். கோழிகள் சளி பிடித்து, மூச்சு கறகறக்க நிற்கும் சி.ஆர்.டி. நோய் இதனால்தான் வருகிறது. குருவிக்குத் தாவியதும் சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்கப் பரவி, பல இடங்களில் குருவிக் கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டது.

தான் தங்கியிருக்கும் உயிரையே கொன்றுவிட்டால் கிருமி எப்படிப் பரவும்? அதனால் நாளாக ஆக அது சாதுவாகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். இந்தக் கிருமியோ வருடம் போகப்போகக் கடுமையானது. ஏன்?

விடை குருவிகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் இருக்கிறது. ஒரே கூண்டில் நோயே காணாத குருவியும் கொத்தும், ஒருமுறை வந்து தேறிய குருவியும் கொத்தும். தேறியதற்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, ஆனால் அரைகுறை. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தேறிய குருவிகளுக்கு மறுபடி கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதுவான வகையால் அவற்றின் உடலில் சரியாகக் காலூன்ற முடியவில்லை. கடுமையான வகை ஊன்றிக்கொண்டது. அந்த அரைகுறை எதிர்ப்புச் சக்தி குருவியைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறது. பிழைத்த குருவி கூண்டுக்கு வந்து கிருமியை மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கிறது. கொன்றால் பரவ முடியாது என்ற தண்டனை கடுமையான வகைக்கு இங்கே குறைந்துபோகிறது.

தடுப்பூசி தருவதும் எதிர்ப்புச் சக்திதான். ஆனால் இதைக் கேட்டுத் தடுப்பூசியே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பெரியம்மை, தட்டம்மைத் தடுப்பூசிகள் தொற்றையே தடுக்கின்றன. அங்கே கிருமிக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆனால் கோழிகளின் மாரெக் நோய்க்கான தடுப்பூசி சாவைத் தடுக்கிறது, தொற்றைத் தடுப்பதில்லை. மிகக் கடுமையான வைரஸ் வகை, ஊசி போடாத கோழியைப் பத்து நாளுக்குள் கொன்று தானும் அடங்குகிறது. ஊசி போட்ட கோழி வாரக்கணக்கில் அதைப் பரப்புகிறது. 2015-இல் இது சோதனையிலேயே தெரிந்தது. அதனால் பண்ணையில் ஒரு கோழியைக்கூட ஊசி போடாமல் விடுவது ஆபத்து.

குருவிக்கே திரும்பினால், இன்னொரு பக்கமும் உண்டு. ஒருமுறை நோய்பட்ட குருவிகள் எல்லாம் ஒரே அளவில் தேறுவதில்லை. சிலவற்றுக்கு நல்ல பாதுகாப்பு, சிலவற்றுக்குச் சொற்பம். எல்லாமே சராசரி அளவு பாதுகாப்போடு இருந்தால் எவ்வளவு பரவுமோ, இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்போது அதைவிடக் குறைவாகவே நோய் பரவும் என்று கணக்குகள் காட்டுகின்றன. அதே கூட்டம் ஒருபுறம் நோய்ப் பரவலைச் சுருக்குகிறது, மறுபுறம் கடுமையான கிருமியை வளர்த்துவிடுகிறது. நன்றி, வணக்கம்.