ஓடித் தீர்ந்த கால்கள்

(ஹூஸ்டனில் தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு சனிக்கிழமை மாலையில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் டாட் கர்லி என்ற ரன்னிங் பேக்கின் பெயர் வந்தது. உடனே நண்பர் சொன்னார்: "அவனா? பணம் கைக்கு வந்ததும் படுத்துட்டாம்ப்பா." அங்கே இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். வருடக்கணக்காக முழங்கால்களைத் தொட்டுப் பார்த்தே பிழைப்பவன். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு தப்பு என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

இங்கே பாதிப் பேருக்கு இந்த ஆட்டம் பழக்கம், மீதிப் பேருக்கு இல்லை. அதனால் ரன்னிங் பேக் என்பவர் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக்; அவருக்குப் பக்கத்திலோ சில யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) பின்னாலோ இவர் நிற்பார். ஆட்டம் தொடங்கியதும் பந்து அவர் வயிற்றில் திணிக்கப்படும். எதிரே ஆளுக்கு 140 கிலோ எடையில் ஐந்து பேர் தம் பக்கத்து ஆட்கள், அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வரும் எதிரணி ஆட்கள். அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு வாசக்கால் அகலத்துக்கு ஒரு சந்து திறக்கும். ஒரு விநாடிகூடத் திறந்திருக்காது. அதற்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் அந்தப் பக்கம் எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளரான 110 கிலோ லைன்பேக்கர் ஓடிவந்து மோதுவார். விழுந்தால் மேலே இன்னும் இரண்டு பேர். எழுந்து பார்த்தால் சராசரியாக நான்கு யார்டு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அரை நிமிடத்தில் மறுபடியும் அதே வேலை. நட்சத்திர வீரர் என்றால் ஓர் ஆட்டத்தில் இப்படி 20, 25 முறை. பந்து கையில் இல்லாத நேரத்தில் சும்மா நிற்பாரா என்றால் அதுவும் இல்லை. குவார்ட்டர்பேக்கை அடிக்க வருபவர்கள் குறுக்கே போய் நின்று இடி வாங்க வேண்டும்.

ஹூஸ்டனில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம் என்றால் எர்ல் கேம்பெலைப் பற்றிப் பேசாமல் முடியாது. கிழக்கு டெக்சாஸில் டைலர் என்ற ஊர், ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அதனால் அவருக்கு 'டைலர் ரோஸ்' என்றே பெயர். 1978-ல் டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக நம்மூர் ஆயிலர்ஸ் அணி அவரை எடுத்தது. அந்த வருடம் நவம்பர் 20, திங்கட்கிழமை இரவு, மயாமி அணியோடு ஆட்டம். நான்கு டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது), 199 யார்டு. கடைசிக் கட்டத்தில் 81 யார்டு ஒரே ஓட்டம். வலது ஓரக் கோட்டை ஒட்டி அவர் ஓடுவதை இன்றைக்கும் பழைய பதிவுகளில் பார்க்கலாம். அதுவரை ஆட்டம் முழுக்க அடி வாங்கிய 23 வயதுப் பையன், கடைசியில் மற்ற எல்லோரும் தளர்ந்த நேரத்தில் அப்படி ஓடுகிறான். பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் அவர் ஓடிய விதத்தைக் கவனித்துப் பாருங்கள். விலகி ஓடமாட்டார். தலையைத் தாழ்த்தி நேராக மோதுவார். மோதியவரைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜெர்சியைக் கிழித்துப் பிடிக்கிறவர்களையும் இழுத்துக்கொண்டு போவார். முதல் மூன்று வருடம் தொடர்ந்து என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். அந்த மூன்று வருடத்தில் அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது 302, 368, 373 முறை. கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. 1980-ல் 1,934 யார்டு, ஒரு முறை ஓடினால் சராசரியாக 5.2. அடுத்த வருடம் அது 3.8 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 26. 1986-ல் 31 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். அப்புறம் முதுகில் அறுவை சிகிச்சைகள், வலி மாத்திரைக்கு அடிமையாகி அதிலிருந்து மீண்ட போராட்டம், ஊன்றுகோல், சக்கர நாற்காலி. இந்த நகரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர் அவர். அவரைப் போய் 26 வயதில் 'இறங்கிவிட்டார்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆயிரம் மோதலில் ஒவ்வொன்றும் அவர் முதுகெலும்பில் இருக்கிறது.

இனி முழங்காலுக்கு வருகிறேன். நம் வீடுகளில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்போமே, அந்தச் சமாசாரம். முழங்காலுக்குள்ளே இரண்டு எலும்பையும் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் தசைநார் ஒன்று உண்டு. நேராக ஓடும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டே ஒரு காலை ஊன்றி, உடம்பைச் சட்டென்று வேறு பக்கம் திருப்புகிறோம் பாருங்கள், அப்போதுதான் மொத்தச் சுமையும் அதில் இறங்கும். ரன்னிங் பேக்கின் பிழைப்பே அந்தத் திருப்பம்தான். தசைநார் அறுந்தால் இப்போதெல்லாம் புதிதாக வைத்துவிடலாம். குருத்தெலும்பு தேய்ந்தால்தான் சிக்கல். அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. போனது போனதுதான், தானாக வளராது. எலும்பும் எலும்பும் உரச ஆரம்பித்தால் 25 வயதுக் காலுக்குள் 60 வயது மூட்டு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தேய்மானத்தால் ஆள் நடக்க முடியாமல் போவதில்லை. நன்றாகவே ஓடுவார். பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தச் சந்து ஒரு விநாடிகூடத் திறந்திருக்காது என்று சொன்னேன் அல்லவா? கண்ணிமைக்கும் நேரம் பிந்தினால்கூட அது மூடிவிடும். வேறு இடங்களில் ஆடுபவர்கள் அனுபவத்தை வைத்துச் சமாளிப்பார்கள். குவார்ட்டர்பேக் 40 வயதில்கூட ஆடியிருக்கிறார். ரன்னிங் பேக்குக்கு அந்த வசதி இல்லை.

டெரல் டேவிஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 டிராஃப்டில் 196-ஆவது ஆளாக டென்வர் அணி எடுத்தது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1998-ல் 2,008 யார்டு. அந்த சீசனில் 392 முறை ஓடினார், சீசன் முடிந்து நடக்கும் ப்ளேஆஃப் நாக் அவுட் ஆட்டங்களையும் சேர்த்தால் 470. இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை. அடுத்த சீசன் நான்காவது ஆட்டத்திலேயே வலது முழங்கால் போனது. அதுவும் பந்தோடு ஓடும்போது இல்லை. எதிரணி பறித்த பந்தை மீட்க, ஓடுகிறவரை மடக்கப் போன இடத்தில். வயது 26. அந்த சீசனையும் சேர்த்து மூன்று சீசனில் மொத்தம் 17 ஆட்டம்தான் ஆட முடிந்தது.

'370' என்று ஒரு கணக்கு ரசிகர்கள் நடுவே உண்டு. ஒரு சீசனில் 370 முறையோ அதற்கு மேலோ ஓடினால் அடுத்த வருடம் சாபம் என்பார்கள். உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. ஜமால் ஆண்டர்சன் 1998-ல் 410 முறை, அடுத்த வருடம் இரண்டாவது ஆட்டத்தில் முழங்கால். லாரி ஜான்சன் 2006-ல் 416 முறை, இன்றுவரை அதுதான் அதிகம். அடுத்த வருடம் பாதம் உடைந்து எட்டு ஆட்டத்தோடு சரி. ஷான் அலெக்சாண்டர் 2005-ல் சரியாக 370. லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, எட்டு வருடத்துக்கு 6.2 கோடி டாலர் ஒப்பந்தம். அடுத்த சீசனில் பாதத்தில் எலும்பு முறிவு. 2008-ல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நான் சாபம் என்று சொல்லமாட்டேன். எரிக் டிக்கர்சன் 1986-ல் 404 முறை ஓடிவிட்டு, அதற்கப்புறமும் சில வருடம் பிரமாதமாக ஆடினார். உண்மையில் இங்கே இரண்டு விஷயம் கலந்திருக்கின்றன. ஒன்று தேய்மானம். இரண்டாவது, ஒருவர் 370 முறை ஓட வேண்டுமென்றால் அந்த வருடம் எல்லாமே கூடிவந்திருக்க வேண்டும்: அவருக்கு அடி படக் கூடாது, முன்னால் நிற்கும் லைன்மேன்கள் ஐவரும் நன்றாக ஆட வேண்டும், அணி ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு வருடம் மறுபடி அமைவது கஷ்டம். அதனால் காயமே இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். நாம் அந்த உச்சத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, விழுந்துவிட்டான் என்கிறோம்.

டென்வரில் டேவிஸ் போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1999-ல் ஒலாண்டிஸ் கேரி என்ற புதுப் பையன் வந்து 1,159 யார்டு ஓடினார். 2000-ல் மைக் ஆண்டர்சன், ஆறாம் சுற்றில் எடுத்த இன்னொரு புதியவர், 1,487 யார்டு. டேவிஸ் மகத்தான வீரர், 2017-ல் புகழ்பெற்ற வீரர்களின் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அணி முதலாளிகள் இந்த இரண்டு எண்களிலிருந்து வேறு பாடம் படித்துக்கொண்டார்கள். ஓய்ந்தவரைத் தள்ளிவிட்டு மலிவாக ஒரு புதுப் பையனைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற பாடம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று வருடம் ஆன பிறகுதான் என்எஃப்எல்லுக்குள் வர முடியும். அந்த மூன்று வருடமும் கல்லூரிக்காக ஓட வேண்டும். உள்ளே வந்ததும் நான்கு வருட ஒப்பந்தம், சம்பளம் முன்பே தீர்மானித்தது. முதல் சுற்றில் எடுத்தவர் என்றால் ஐந்தாவது வருடமும் அணி நினைத்தால் பிடித்துவைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் விட மனமில்லையா, 'ஃபிரான்சைஸ் டேக்' என்ற ஒரு வருடக் கட்டாய ஒப்பந்தம் போட்டு இன்னொரு வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால் நன்றாக இருக்கும் 22-லிருந்து 27 வரை, அந்த வருடங்கள் முழுக்க அணியின் கையில். பேரம் பேசும் உரிமை அவர் கைக்கு வரும்போது 'வயசாயிடுச்சு' என்பார்கள். 2023-ல் ரன்னிங் பேக்குக்கு அந்த டேக் தொகை சுமார் 1 கோடி டாலர். பந்து பிடிக்கும் வைட் ரிசீவருக்குக் கிட்டத்தட்ட 2 கோடி. லெவியான் பெல் என்ற ரன்னிங் பேக் இதை எதிர்த்து 2018 சீசன் முழுக்க ஆடாமல் வீட்டில் இருந்தார். பலர் அவரைப் பேராசைக்காரர் என்று திட்டினார்கள். அவர் காப்பாற்றப் பார்த்தது தன் இரண்டு முழங்கால்களை. நான் அவர் பக்கம்தான்.

இப்போது கர்லிக்கு வருவோம். கல்லூரியிலேயே, 2014-ல், முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனவர். 2017-ல் லீகின் சிறந்த தாக்குதல் வீரர். 2018 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 5.75 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த சீசனிலும் 1,251 யார்டு ஓடினார், படுத்துவிடவில்லை. சீசன் முடிவில் முழங்கால் தகராறு செய்தது. 2019 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பத்தே முறைதான் பந்து கொடுத்தார்கள், 35 யார்டு. 2020 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரு சீசன் ஆடினார், அதோடு முடிந்தது. கடைசி ஆட்டம் ஆடும்போது 26 வயது. பணம் வந்ததும் முழங்காலும் போனது என்பது உண்மை. பணத்தால் போகவில்லை. அந்தப் பணம் வருவதற்காக அவர் ஏற்கெனவே ஓடியிருந்த ஓட்டத்தால் போனது.

தாக்குப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஃபிராங்க் கோர், கல்லூரியில் இரண்டு முழங்கால்களிலும் தசைநார் அறுந்தவர், 16 சீசன் ஆடினார். மொத்தம் சரியாக 16,000 யார்டு. ஆனால் அவர் எந்த சீசனிலும் 312 முறைக்கு மேல் ஓடவில்லை. டெரிக் ஹென்றி 2024-ல் 30 வயதில் 1,921 யார்டு ஓடினார். அவரும் முதல் மூன்று வருடம் இன்னொருவரோடு பங்கு போட்டுத்தான் ஆடினார். அதுதான் முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் பள்ளியில் அவர் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல, 12,000 யார்டுக்கு மேல். சில உடம்பு அப்படி. பாரி சாண்டர்ஸோ, மொத்தத்தில் அதிக யார்டு ஓடிய வால்டர் பேட்டனின் சாதனைக்கு இன்னும் 1,457 யார்டு மட்டுமே பாக்கி இருந்தபோது, 1999-ல் 31 வயதில் தானே விலகிவிட்டார்.

சென்ற இலையுதிர் காலத்தில் என்னிடம் 16 வயதுப் பையன் ஒருவன் வந்தான், இங்கே பக்கத்துப் பள்ளி ரன்னிங் பேக். வெள்ளிக்கிழமை இரவு 31 முறை ஓடியதாகப் பெருமையாகச் சொன்னான். முழங்காலில் உள்ளங்கையை வைத்து மெதுவாக மடக்கினேன். உள்ளே நறநறவென்றது, மணலை விரலிடுக்கில் தேய்த்த மாதிரி. "அடுத்த வெள்ளி ஆடலாமா?" என்று அவன் கேட்டான். "எத்தனை முறைக்குள் ஓடினால் பரவாயில்லை?" என்று அம்மா கேட்டார். 15-க்குள் இருக்கட்டும், இன்னொரு பையனோடு மாற்றி மாற்றி ஆடவிடுங்கள் என்று கோச்சுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் 14 முறை. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கு முக்கியமான ஆட்டம். ஆட்டம் முடிந்த இரவு அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நுழைவுச்சீட்டின் பின்பக்கம், ஐந்தைந்தாகக் கட்டுப் போட்டுப் பென்சிலில் கிழித்த கோடுகள். எண்ணிப் பார்த்தேன். 29.