செஸ் மேதை பெரிதா, இசை மேதை பெரிதா? இரண்டுமாக வாழ்ந்த பிலிடோர்

[திரையில்: ஒரு பக்கம் இசைக் குறிப்புத் தாள், மறு பக்கம் செஸ் பலகை]

இசையமைப்பாளர் மோட்சார்ட்டா, செஸ் சாம்பியன் காஸ்பரோவா? யாருக்கு மூளை அதிகம்? இந்த வாதம் கிளம்பினால் லேசில் அடங்காது. இரண்டு பக்கமும் ஆள் சேரும், குரல் உயரும், முடிவு மட்டும் வராது. ஒருவரை இன்னொருவரின் துறையில் உட்கார வைத்துப் பார்க்க வழியில்லையே.

ஆனால் இரண்டிலும் தன் காலத்தின் முன்வரிசையில் நின்ற ஒருவர் உண்டு. பிரான்சுவா ஆந்த்ரே தனிக்கான் பிலிடோர். 1726-ல் பாரிசுக்கு மேற்கே திரூ என்ற ஊரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக பிரெஞ்சு அரண்மனையில் வாத்தியம் வாசித்த குடும்பம். சின்ன வயதிலேயே வெர்சாய் அரண்மனைத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

செஸ் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது. ராஜா பூசைக்கு வரும்வரை இசைக்காரர்கள் காத்திருக்க வேண்டும். சீட்டாடத் தடை. அதனால் பலகையை விரித்துவிடுவார்கள். பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே பையன் கற்றுக்கொண்டான் என்பார்கள்.

[திரையில்: பழைய பாரிஸ் காபிக் கடை ஓவியம்]

அப்புறம் பாரிசின் கஃபே த லா ரெஜான்ஸ். ஊரின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கேதான். லெகால் என்பவரிடம் பாடம். 1749-ல், 22 வயதில், செஸ் பற்றி ஒரு புத்தகம் போட்டார். சிப்பாய்கள்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று அதில் எழுதினார். இன்றைக்கு எந்தப் பயிற்சியாளரும் சாதாரணமாகச் சொல்கிற விஷயம். ஆனால் அன்றைய ஆட்டக்காரர்கள் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ராஜாவைத் துரத்தத்தான் ஆசைப்பட்டார்கள். சிப்பாய் வரிசை எப்படி அமைகிறதோ அதை ஒட்டித்தான் மற்ற காய்களின் வேலையே என்று அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியவர் இவர்.

இசை பக்கம்? நகைச்சுவை ஓபராக்களை, அதாவது இசை நாடகங்களை, வரிசையாக எழுதினார். 1761-ல் ஒரு கொல்லனின் கதை, 1765-ல் 'டாம் ஜோன்ஸ்'. பாரிஸ் கொண்டாடியது. சும்மா பொழுதுபோக்குக்கு மெட்டுப் போட்டவர் இல்லை; அந்த வகை ஓபராவில் அவர் காலத்து முக்கியப் புள்ளிகளில் ஒருவர்.

1783-ல் லண்டனில், பலகையைப் பார்க்காமலேயே, ஒரே நேரத்தில் மூன்று பேரோடு ஆடிக் காட்டினார். நண்பரான தத்துவவாதி திதெரோவுக்கு இந்த வித்தை பிடிக்கவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே கடிதம் எழுதி, வெறும் பெருமைக்காக மூளையைப் பணயம் வைக்காதே என்று கண்டித்திருக்கிறார்.

சரி, இரண்டில் எது நின்றது?

[திரையில்: பலகை. வெள்ளைக்கு ராஜா, யானை, சிப்பாய். கறுப்புக்கு ராஜா, யானை]

இந்த நிலையைப் பாருங்கள். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய் ராணியாக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. கறுப்பு ராஜா வழியை மறித்து நிற்கிறார். கறுப்பு யானையை எங்கே வைப்பது? பிலிடோர் சொன்ன இடம், தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசை. அந்த வரிசையைக் காத்துக்கொண்டு அசையாமல் இருந்தால் வெள்ளை ராஜாவால் அதற்குள் கால் வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் வெள்ளை சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளும். சிப்பாய் வந்த உடனே, வெள்ளை ராஜா ஒதுங்க இடம் போய்விட்டது. இப்போது யானையைப் பலகையின் அந்தக் கோடிக்கு இறக்கி, பின்னாலிருந்து செக், செக், செக். ஆட்டம் டிரா.

இருப்பது ஐந்தே காய்கள். இத்தனை குறைவான காய்கள் உள்ள எல்லா நிலைகளையும் கம்ப்யூட்டர் ஒன்றுவிடாமல் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. பிலிடோர் சொன்னது சரி. இதற்கு இன்றும் 'பிலிடோர் நிலை' என்றுதான் பெயர். செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இதைப் படிக்காமல் தப்ப முடியாது.

அவருடைய ஓபராக்களை எப்போதாவது யாராவது தூசி தட்டி மேடையேற்றினால் உண்டு. ஆட்டம் பழசாகும், இசைக்கு வயதில்லை என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறது. ஓபரா உயிரோடு இருக்கப் பாடகர் வேண்டும், வாத்தியக் குழு வேண்டும், அரங்கம் வேண்டும், காசு கொடுத்துக் கேட்கும் கூட்டம் வேண்டும். ரசனை மாறினால் இத்தனையும் ஒன்றாகக் கழன்றுவிடும். யானையின் மூன்றாவது வரிசைக்கு எவருடைய ரசனையும் தேவையில்லை. ஒரே ஆளை வைத்து விதி எழுதக் கூடாதுதான்; இசையமைப்பாளர் பாக்கின் இசை இன்று வரை ஒலிக்கிறது. ஆனாலும் செஸ்ஸில் கண்டுபிடிப்பு என்பது கணிதத் தேற்றத்துக்குக் கிட்டே நிற்கிறது. இசையில் அப்படி 'சரி' என்று யாரும் முத்திரை குத்த முடியாது.

[திரையில்: பாரிஸ் ஓபரா அரங்கின் பாக்ஸ் இருக்கை]

பிலிடோர் இறந்தது 1795-ல், லண்டனில். பிரெஞ்சுப் புரட்சி காரணமாக ஊர் திரும்ப முடியவில்லை. 63 ஆண்டுகள் கழித்து, 1858-ல், அதே பாரிசில், ஓபரா நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு செஸ் ஆட்டம். ஒரு பக்கம் 21 வயது அமெரிக்கர் பால் மார்ஃபி. மறு பக்கம் பிரன்ஸ்விக் பிரபுவும் இசுவார் பிரபுவும் கூடிப் பேசி ஆடுகிறார்கள். அவர்கள் எடுத்த திறப்பு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறை, எது தெரியுமா? பிலிடோர் தற்காப்பு!

மார்ஃபி குதிரையைக் கொடுத்தார், யானையைக் கொடுத்தார், 16-வது நகர்த்தலில் ராணியையே கொடுத்தார். 17-வதில் யானை இறங்கி செக்மேட். கடைசியில் சிப்பாய்கள் போக அவரிடம் மிச்சம் ஒரு யானை, ஒரு மந்திரி. எதிரே ராணி முழுசாக நிற்கிறது, ஒன்றுக்கும் உதவாமல்.

இந்த ஆட்டத்தை சிம்பொனிக்கு ஒப்பிடுவார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. பிரபுக்கள் ஒழுங்காக ஆடியிருந்தால் அந்த ராணி பலிக்கு இடமே இல்லை. அழகில் பாதி, எதிராளியின் தப்பு. பீத்தோவன் பிடிக்காத வரியை அடித்துவிட்டுத் திரும்பத் திரும்ப எழுதினார். அவருடைய குறிப்பேடுகள் முழுக்க அந்த அடித்தல்கள்தான். மார்ஃபிக்கு அந்த வசதி இல்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கிராண்ட்மாஸ்டர், கீர்த்தனை இயற்றியவரைப் போல அல்ல. மேடையில் அந்த நேரத்தில் கற்பனை ஸ்வரம் பாடுகிற வித்வானைப் போல.

இசையமைப்பாளருக்கு நிஜ ஜோடி வேண்டுமென்றால் செஸ் புதிர் அமைப்பவர்களைப் பாருங்கள். ரிச்சர்ட் ரெட்டி 1921-ல் அமைத்த ஒரு புதிரில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எதிரியின் சிப்பாயைத் துரத்திப் பிடிக்கவே முடியாத தூரத்தில் இருக்கிறார். ஆனால் மூலைவாக்கில் நடக்கிறார். அந்த ஒரே நடையில் எதிரி சிப்பாயையும் நெருங்குகிறார், தன் சிப்பாயையும் நெருங்குகிறார். கறுப்பால் இரண்டையும் தடுக்க முடியாது. டிரா. எதிராளியின் தப்பு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ரெட்டி உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்தது.

[திரையில்: குகேஷ், வெர்டி, ஸ்மிஸ்லோவ் படங்கள்]

வயது விஷயத்திலும் பாதை பிரிகிறது. இரண்டு துறையிலும் குழந்தை மேதைகள் உண்டு. இசையமைப்பாளர் மெண்டல்சன் தன் புகழ்பெற்ற எட்டு வாத்திய இசையை எழுதியபோது 16 வயது. நம்ம சென்னை குகேஷ் 2024-ல் உலக சாம்பியன் ஆனபோது 18. ஆனால் முதுமையில்? இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' ஓபரா 1893-ல் அரங்கேறியபோது அவருக்கு 79. செஸ்ஸில் அந்த வயதில் உச்சம் என்ற பேச்சே கிடையாது.

கொஞ்சம் தாக்குப்பிடித்தவர் வசிலி ஸ்மிஸ்லோவ். 1957-ன் உலக சாம்பியன். நல்ல பாரிடோன் குரல், அதாவது நடுத்தரக் கனமுள்ள ஆண் குரல், கொண்டவர். 1950-ல் மாஸ்கோவின் போல்ஷோய் ஓபரா அரங்கில் பாடகராகச் சேர முயன்று தேர்வாகாமல் போனவர். 1984-ல், 63 வயதில், சாம்பியனுக்குச் சவால் விடப்போவது யார் என்று முடிவு செய்யும் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்த காஸ்பரோவுக்கு வயது 20. எட்டரைக்கு நாலரை என்று ஸ்மிஸ்லோவ் தோற்றார். 79 வயது வெர்டிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.