சிறிய காயத்தின் விலை

அவையோருக்கு என் வணக்கம்.

அறுவை மருத்துவத்தில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். கருவிகளின் பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நான் கத்தி பிடிக்கக் கற்ற காலத்தில், வயிற்றைத் திறப்பது என்றால் ஒரு சாண் நீளத்துக்குத் திறப்பது. இன்று அதே வேலையை விரல்கூட நுழையாத துளைகள் வழியே செய்கிறோம். காயம் இப்படிச் சுருங்கியபோது நாங்கள் எதை இழந்தோம், அதில் எதைத் திரும்பப் பெற்றோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கையைப் பற்றி. திறந்த வயிற்றுக்குள் போகும் கை சும்மா போவதில்லை. குடலை விரல்களுக்கு நடுவே நழுவவிட்டுக்கொண்டே வருவோம். ஓரிடத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிடும். கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் தமனி எங்கே ஓடுகிறது என்பதைத் துடிப்பை வைத்தே கண்டுபிடிப்போம். ரத்தம் பீறிட்டால் எந்தக் கருவிக்கும் முன்னால் விரல்தான் அங்கே போய் நிற்கும். அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டு, அதன்பிறகே அடுத்தது என்ன என்று யோசிப்போம்.

1985 செப்டம்பரில் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மியூஹே என்ற அறுவை மருத்துவர் பித்தப்பையைத் துளை வழியே எடுத்தார். சக மருத்துவர்கள் அதை வரவேற்கவில்லை. ஆனால் சிறிய வீடியோ கேமரா வந்து சேர்ந்ததும் சில ஆண்டுகளிலேயே உலகம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. லேப்ராஸ்கோப்பி என்று நீங்கள் கேள்விப்படுவது இதுதான். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில், வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் தூக்கி நிறுத்துவோம். அந்த வாயுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே மின்சாரத்தால் திசுவைச் சுடும்போது அது தீப்பற்றாது. ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும்.

நோயாளிக்கு இதில் கிடைத்த நன்மை பெரிது. வலி குறைந்தது, சீக்கிரம் எழுந்து நடந்தார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மருத்துவரோ தொடுவுணர்வைப் பறிகொடுத்தார். திரை தட்டையானது, ஆழம் தெரியாது. கருவி வயிற்றுச் சுவரில் ஒரு புள்ளியில் ஊன்றித் திரும்புவதால், கையை இடப்பக்கம் நகர்த்தினால் முனை வலப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் முனை தாழும். பல ஆண்டுகள் பழகிய கையை முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கத்துக்கான விலையில் ஒரு பங்கை நோயாளிகளும் கொடுத்தார்கள் என்பதை நான் மறைக்க மாட்டேன். இந்த முறை பரவிய தொடக்க ஆண்டுகளில், பித்தப்பையின் குழாய் என்று நினைத்து, கல்லீரலிலிருந்து வரும் பொதுப் பித்தநாளத்தையே வெட்டிவிடும் விபத்துகள் கூடின. வெட்டியவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. இதற்கு மருந்தாக வந்தது எந்த இயந்திரமும் இல்லை, ஒரு விதி. 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற மருத்துவர் தன் குழுவினரோடு அதை வகுத்துத் தந்தார். சுற்றியுள்ள கொழுப்பை நீக்கு. பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரி. பித்தப்பைக்குள் நுழைபவை ஒரு குழாயும் ஒரு தமனியுமாக இரண்டே இரண்டு என்று கண்ணால் காணும்வரை எதையும் வெட்டாதே. இன்றைக்கும் நான் அந்தக் கட்டத்தில் கருவியை நிறுத்திவிட்டு, உதவி மருத்துவரை வாய்விட்டு எண்ணச் சொல்வேன். ஒன்று, இரண்டு. அவரும் இரண்டு என்றால்தான், வெட்டும்முன் அவற்றை இறுக்கி அடைக்கும் கிளிப் உள்ளே வரும்.

அடுத்து ரோபோ. பலர் என்னிடம் கேட்பது, “டாக்டர், ரோபோ தானாகவே ஆபரேஷன் செய்துவிடுமா?” என்று. செய்யாது. டாவின்சி என்ற கருவிக்கு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதில் மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் இருக்கும் சிறு கைகள் அதையே செய்கின்றன. கண்ணுக்கு ஆழம் திரும்பக் கிடைத்தது. கருவி முனைக்கு மணிக்கட்டு முளைத்தது. இடம் வலமாகும் குழப்பம் நீங்கியது. கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடுகிறது. என் கை 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் முனை 1 சென்டிமீட்டர் மட்டும் நகரும்படியும் வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்குள் ஒடுங்கிய இடத்தில், புராஸ்டேட் சுரப்பியை எடுத்தபின் தையல் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

2001 செப்டம்பர் 7 அன்று, ழாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை ஸீயஸ் என்ற வேறொரு ரோபோவைக் கொண்டு எடுத்தார். நடுவே 6,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்.

அத்தனை தூரம் போன கைக்கும் தொடுவுணர்வு மட்டும் வரவில்லை. ரோபோவில் தையல் போடும்போது நூல் எவ்வளவு இறுகுகிறது என்று கைக்குத் தெரியாது. திசு வெளுப்பதைப் பார்த்துக் கண்தான் கணக்குப் போடும். தவறினால் நூல் அறும், அல்லது திசு கிழியும். 2024-இல் அனுமதி பெற்ற டாவின்சியின் ஐந்தாம் தலைமுறையில், கருவி முனை உணரும் விசையைக் கைப்பிடிக்குத் திருப்பி அனுப்பும் வசதி வந்திருக்கிறது. விரல் கொடுத்த நுட்பம் முழுவதும் வந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனாலும் கை மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

விரலுக்கு எந்தக் காலத்திலும் தெரியாத ஒன்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அதையும் சொல்ல வேண்டும். குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்கிறோம் என்று வையுங்கள். அந்த முனைகளுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்பதுதான் உயிர்நாடியான கேள்வி. வராவிட்டால் நாலைந்து நாளில் இணைப்பு பிரிந்து கசியலாம். முன்பெல்லாம் நிறத்தைப் பார்த்து, வெட்டிய ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்து முடிவெடுப்போம். இப்போது இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைச் சிரை வழியே செலுத்தி, கேமராவை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளிக்கு மாற்றுகிறோம். விளக்கை ஏற்றியதுபோல் குடல் மெல்ல ஒளிர்ந்துகொண்டே வரும். வந்துகொண்டே இருந்த ஒளி ஒரு கோட்டில் நின்றுவிடும். வெறும் கண்ணுக்கு அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே இளஞ்சிவப்புதான். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, வெட்டும் இடத்தை இரண்டு விரற்கடை தள்ளி வைத்த நாட்கள் எனக்கு உண்டு.

இவ்வளவும் சொன்னபின், காயம் சிறிதாவதே முன்னேற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில் கருப்பையை அகற்றும் பெரிய அறுவையைத் துளை வழியாகவும் ரோபோ வழியாகவும் செய்வது பரவியிருந்தது. அதைத் திறந்த அறுவையோடு முறைப்படி ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. 631 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். நாலரை ஆண்டுகளுக்குப்பின் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள், திறந்த அறுவையில் 96.5 சதவீதம், சிறுதுளை அறுவையில் 86 சதவீதம். அந்த எண்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறிய தழும்பைப் பார்த்து நிம்மதியோடு வீடு போனவர்கள் அவர்கள். அதன்பின் உலகின் பல இடங்களில் மருத்துவர்கள் இந்த நோய்க்குத் திறந்த அறுவைக்கே திரும்பினார்கள். அப்படித் திரும்பத் தெரிந்ததும் முன்னேற்றம்தான் என்பேன்.

இனி அறைக்குள் நடப்பது. விலை உயர்ந்த எதுவும் இதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புத் தாளைத் தந்தது. 8 நகரங்களின் 8 மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. மயக்கம் கொடுக்கும்முன், தோலைக் கீறும்முன், நோயாளி அறையை விட்டுப் போகும்முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நிற்க வேண்டும். நடுவிலுள்ளதை டைம் அவுட் என்போம். அப்போது அறையிலுள்ள ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிப் பேசத் தொடங்கியவருக்கு, நெருக்கடியில் வாய் திறக்கத் துணிவு வரும்.

நான் இளம் மருத்துவனாக இருந்தபோது ஒரு மருத்துவமனையில் நடந்தது. வயிற்றைத் தைத்து மூடத் தொடங்கியாயிற்று. “சார், ஒரு மாப் குறையுது” என்றார் நர்ஸ், தணிந்த குரலில். மாப் என்பது ரத்தம் ஒற்றும் துணி. மூத்த மருத்துவர், “சரியா எண்ணுங்க” என்றார். அவர் திரும்பவும் எண்ணினார். “இல்ல சார், 9 தான் இருக்கு.” அறையே அவரை முறைத்தது. தையலைப் பிரித்தோம். கல்லீரலுக்கு மேலே, ரத்தத்தில் ஊறி, கல்லீரலின் நிறத்திலேயே அது கிடந்தது. அந்த அம்மா அன்று சொல்லாமல் விட்டிருந்தால்? இன்று துணியிலேயே மின்னணுச் சில்லு வைத்துத் தேடும் கருவி வந்துவிட்டது. நல்லது. எனினும் கருவி ஒலித்தாலும், மூடுவதை நிறுத்தச் சொல்ல ஒரு மனிதக் குரல் வேண்டியிருக்கிறது.

இதோ, மேசைமேல் ஒரு பெட்டி இருக்கிறது. எங்கள் இளம் மருத்துவர்கள் பழகுவது இதில்தான். மேலே இரண்டு துளை, உள்ளே ஒரு கேமரா, பக்கத்தில் திரை. இடப்பக்கத்து ரப்பர் வளையத்தை எடுத்து, நடுவில் அடுத்த கைக்கு மாற்றி, வலப்பக்க முளையில் மாட்ட வேண்டும். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, திரையை மட்டுமே பார்க்க வேண்டும். கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்வோம். முன்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் மேலே வாருங்கள்.