வெயில் கெடுத்த தோலுக்கு விளக்கு வெளிச்சமா?

(திரையில்: வழுக்கைத் தலையில் சிவந்த, செதில் படிந்த திட்டு)

கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தொட்டால்தான் இது சட்டென்று பிடிபடும், உப்புத்தாளைத் தடவின மாதிரி சொரசொரவென்று இருக்கும். பெயர் ஆக்டினிக் கெரடோசிஸ். வெளிர் நிறத் தோல்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். பல வருஷ வெயிலில் இருந்த புற ஊதாக் கதிர் மேல்தோல் செல்களின் டி.என்.ஏ.வைக் கெடுத்ததன் விளைவு. இது புற்றுநோய் இல்லை. ஆனால் சில திட்டுகள் பின்னால் புற்றுநோயாக மாறலாம், எது மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஒன்றிரண்டு திட்டு என்றால் திரவ நைட்ரஜனால் உறையவைத்து முடித்துவிடுவார்கள். நெற்றி முழுக்க என்றால்? அப்போதுதான் ஃபோட்டோடைனமிக் தெரபி, சுருக்கமாக பி.டி.டி., அதாவது மருந்தைத் தடவி அதன் மேல் விளக்கு வெளிச்சம் காட்டுகிற சிகிச்சை.

லேசரால் சுடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இந்த விளக்கு தனியாக எதையும் சுடாது.

(திரையில்: செல்லின் உள்பக்கம், அனிமேஷன்)

முதலில் செதிலைச் சுரண்டிவிட்டு அமினோலெவுலினிக் ஆசிட் மருந்தைத் தடவுவார்கள். இது நம் உடம்பே தயாரிக்கிற பொருள்தான், ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமைச் செய்வதற்கான ஆரம்பச் சரக்கு. சாதாரணமாக செல் அதை அளந்துதான் செய்யும். நாம் வெளியிலிருந்து அள்ளிக் கொட்டும்போது அந்தக் கணக்கு குழம்பி, ஹீமுக்கு முந்தின படியான புரோட்டோபோர்ஃபிரின் உள்ளே தேங்கிவிடுகிறது, அதுவும் கெட்டுப்போன செல்களில்தான் அதிகமாக. அதன் மேல் 417 நானோமீட்டர் நீல ஒளியோ 630-ஐ ஒட்டிய சிவப்பு ஒளியோ பட்டால் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் வெறிபிடித்த மாதிரி ஆகி அந்தச் செல்லையே அழித்துவிடும். அதாவது விஷத்தைச் செய்வது அந்தச் செல்லே, விளக்கு திரி கொளுத்துகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1999-ல் அனுமதி பெற்ற நீல விளக்கு முறையில் 1,000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி உட்கார வேண்டும். எரியும், சிலருக்கு நன்றாகவே எரியும், அதற்காக விசிறி வைப்பார்கள், குளிர்ந்த நீர் தெளிப்பார்கள். அது ஆகாது என்பவர்களுக்குப் பகல்வெளிச்ச முறை இருக்கிறது: மருந்தைத் தடவி அரை மணிக்குள் வெளியே போய் 2 மணி நேரம் இருப்பது. புரோட்டோபோர்ஃபிரின் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகி அப்போதைக்கப்போதே செலவாவதால் வலி ரொம்பக் குறைவு.

சரி, நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் இதற்கு அப்புறம்தான். விளக்கை அணைத்த பிறகும் மிச்ச மருந்து தோலில் இருக்கும், அதனால் 48 மணி நேரம் வெயிலும் கூடாது, பளிச்சென்ற விளக்கும் கூடாது. சன்ஸ்கிரீன் பூசினால் போதாதா? போதாது, வழக்கமான சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தைக் கிளப்புவதோ கண்ணுக்குத் தெரிகிற ஒளி. ஆகவே தொப்பி, துணி, நிழல்.

போர்ஃபிரியா, அதாவது ஹீம் செய்கிற வேலை கெட்டு இதே மாதிரி போர்ஃபிரின் பொருள்கள் உடம்பில் தானாகவே தேங்குகிற நோய், உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை எடுத்த இடம் சிவந்து, பொருக்குக் கட்டி, ஓரிரு வாரத்தில் உரிந்துவிடும். மூன்று மாதம் போல ஆனதும் டாக்டர் மறுபடி தடவிப் பார்ப்பார். இன்னும் சொரசொரப்பு இருந்தால் இன்னொரு முறை, தடித்து வலித்தால் பயாப்சி, அதாவது சின்னத் துண்டு எடுத்துச் சோதனை.