பார்க்க வந்தவர் ஆட வரும்போது

(இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள அட்டன் நகரில் இளம் கலைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

விழிப்புணர்வு நாடகம் என்று கேட்டாலே எனக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேராவது அப்படி ஒன்றில் நடித்திருப்பீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். வேன் வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பதாகை கட்டுவார்கள். குடித்துவிட்டு வந்த கணவன் மனைவியை அடிப்பான், பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும், கடைசியில் படித்தவர் ஒருவர் வந்து புத்தி சொல்வார், எல்லாரும் திருந்திவிடுவார்கள். படம் எடுத்து, தேத்தண்ணி குடித்து, வேன் போய்விடும். சாராயம் கெடுதி என்று தவறணைக்குப் போகிறவருக்குத் தெரியாதா? அவர் ஏன் போகிறார் என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போல் 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தார். நடிகர்கள் ஒரு பிரச்சினையை நடித்துக் காட்டி நிறுத்துவார்கள். பார்ப்பவர்கள் யோசனை சொல்வார்கள், அதையும் நடிகர்களே நடிப்பார்கள். ஒருநாள், ஏமாற்றிய கணவனோடு மனைவி ‘நன்றாகப் பேச வேண்டும்’ என்றார் ஒரு பெண். நடிகை பேசினார். அப்படி இல்லை என்றார் அந்தப் பெண். திரும்பத் திரும்ப நடித்தும் அவருக்குத் திருப்தி இல்லை. சரி, நீங்களே வந்து செய்து காட்டுங்கள் என்றார் அகஸ்டோ போல். மேடை ஏறிய அந்த அம்மா துடைப்பத்தை எடுத்து, கணவனாக நடித்தவரைச் சாத்து சாத்தென்று சாத்திவிட்டார்! அவர் சொன்ன ‘நன்றாக’ அதுதான். பார்ப்பவரே எழுந்து வந்து கதையை மாற்றுகிற மன்ற அரங்கு இப்படித்தான் பிறந்தது.

வெளிநாட்டுக் கதையைச் சொல்லிவிட்டு, மன்மதனைச் சிவன் எரித்த கதையைத் தோட்டமே சேர்ந்து ஆடுகிற நம் காமன் கூத்தை விட்டுவிட்டால் பெரியவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றினால், காமன் எரிகிற நாள்வரை தோட்டமே அதற்குள்தான் இருக்கும். வேடம் கட்டுகிறவர் விரதம் இருப்பார். தப்பு மேளமும் உடுக்கும் கேட்டால் பிள்ளைகள் ஓடுவார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த வருசம் தூதனாகவோ வீரபத்திரனாகவோ ஆடுவார். ஒரு காலத்தில் இதே தப்புதான் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட அடிக்கப்பட்டது. தோட்டத்துத் துரைக்காக அடித்த தப்பை மாசியில் நம் ஆட்கள் தங்களுக்காக அடித்தார்கள்.

ஆனால் காமன் கூத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தவும் என்னால் முடியாது. வழக்கப்படி ரதிக்கும் ஆண்தான் வேடம் கட்டுகிறார். மலையில் கூடை சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கூத்தில் அவர்கள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். தப்பு யார் அடிப்பது, கம்பத்துக்குக் கிட்ட யார் போவது என்பதில் சாதி இருந்தது. இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். எல்லாரும் பங்கெடுக்கிற கலை என்று மேடையில் பேசுகிற நாம், யார் எந்தப் பங்கை எடுக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

பெண் குரல் நமக்குப் புதிதில்லை. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மை பாடினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் தொழிலாளர் துயரை எழுதி, 1940இல் சிறு பாட்டுப் புத்தகமாகவும் அச்சிட்டார். மெட்டு தெரிந்திருந்தால் கேட்கிறவர் சேர்ந்து பாடலாம். அண்மையில் 2023இல், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து 200 வருசமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். அதையும் நான் கலை என்றுதான் சொல்வேன்.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் இளைஞர்கள், பறித்த தேயிலையை நிறுக்கிற கொழுந்து மடுவத்தை நாடகமாக்கினார்கள். கோயில் வாசலில்தான் ஆட்டம். கணக்குப்பிள்ளை தராசைப் பார்க்கிறார், ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுகிறார். அங்கே நிறுத்தி, யாராவது வந்து மாற்றுங்கள் என்றார்கள். கொஞ்ச நேரம் சிரிப்பு, ஒருவரை ஒருவர் தள்ளிவிடுதல். பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தார். சாக்கை மாட்டிவிட்டு நகரவில்லை.

“ஐயா, முள்ளு நிக்கட்டும்” என்றார்.

முள் என்ன, அங்கே தராசே கிடையாது. ஒரு கம்பும் கயிறும்தான். ஆனால் கூட்டம் மொத்தமும் அந்தக் கயிற்றைப் பார்த்தது. அவர் பின்னால் திரும்பி, “அக்கா, எத்தன காட்டுது? சத்தமா சொல்லு” என்றார். கூட்டத்திலிருந்து “பதினெட்டு!” என்று வந்தது. கணக்குப்பிள்ளை பதினைந்து என்று எழுதப் போனார். பிள்ளைகள் உட்பட எல்லாரும் பதினெட்டு, பதினெட்டு என்று கத்தினார்கள். நடித்த தம்பிக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது.

அப்போது பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்து, “நாளைக்கு ஒனக்கு கொழுந்தே இல்லாத மலையில நெர போடுவாங்க, தெரியுமா?” என்றார். நியாயமான கேள்வி. யார் எந்த நிரையில் பறிப்பது என்று பிரித்துக் கொடுப்பதுதான் நெர போடுவது, கொழுந்தில்லாத நிரை கிடைத்தால் கிலோ குறையும். அம்மா யோசித்துவிட்டு, “எல்லாருக்குமா அப்பிடி நெர போடுவாங்க?” என்று கேட்டார். அதன் பிறகு நடந்த வாக்குவாதம் நாடகத்தைவிட நீளம். தொழிற்சங்கத் தலைவரையும் இழுத்தார்கள், சங்கத்துச் சந்தாவையும் இழுத்தார்கள்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. சில கிழமைகளில் பெண்கள் தங்கள் நிறுவையைத் தாங்களும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், என்கிற இடத்தில் அந்தக் கொப்பிக்கு ஒரு பலம் உண்டு.

கூட்டத்தில் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் நம் குழுக்கள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. அகஸ்டோ போல் 1993இலிருந்து 1996வரை ரியோ டி ஜெனிரோ நகரசபை உறுப்பினராக இருந்தார். அரங்கில் மக்கள் சொன்னதை எடுத்துப்போய் 13 சட்டங்களாக்கினார். நமக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆகவே பாதை, தண்ணீர்ப் பீலி, வாசகசாலை பற்றி ஆட்டத்தில் வந்ததை எழுதி, ஆடியவர்களே கையெழுத்துப் போட்டுச் சபை அமர்வுக்குக் கொண்டுபோகலாம். உறுப்பினரை ஆட்டத்துக்கே கூப்பிடுங்கள். முன்வரிசைக் கதிரையும் மாலையும் வேண்டாம், மற்றவர்களோடு பாயில் உட்காரட்டும்.

கையில் எழுதி முடித்த பிரதியோடு தோட்டத்துக்குப் போகாதீர்கள். தப்புக் கலைஞரைக் கூப்பிட்டால் கூலியை முதலிலேயே பேசிக் கொடுங்கள், சேவை என்று சொல்லி ஏய்க்காதீர்கள். ஒத்திகையை லயன் வீட்டுக் காம்பராவில் அடுப்பு வேலை முடிகிற நேரம் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆண்கள்தான் வருவார்கள். காலையில் மலைக்குப் போகிறவரை இரவு ஒன்பது மணிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் குழுவில் ஒருவர் ஒதுங்கியிருக்க வேண்டும். அது யார் என்று இன்றைக்கே பேசிவிடுங்கள், ஆண்கள் உட்பட.